தமிழ் நூலின் பதிவும் பரவலும்: காக்ஸ் டவுனை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நூல் வெளியீட்டு வரலாறு என்பது பெரும்பாலும் அச்சகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், கையெழுத்துப்படி அச்சேறிய பின்னரும் நூலுக்கு இரண்டு பயணங்கள் உள்ளன. ஒன்று, அரசின் பதிவேட்டை நோக்கியது. மற்றொன்று, வாசகரை நோக்கியது. பதிவு, நூல் அச்சான ஊரைப் பற்றி நிற்பது. பரவல், நூல் எழுதப்பட்ட மொழியைப் பற்றிச் செல்வது. ஊரும் மொழியும் ஒரே ஆட்சி எல்லைக்குள் அமையும்போது இவ்விரண்டின் வேறுபாடு புலப்படுவதில்லை. அவ்வாறு அமையாத இடத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. பெங்களூரின் காக்ஸ் டவுன் அத்தகைய இடங்களுள் ஒன்று. அங்கு வாழும் தமிழர் ஒருவர் தம் ஊரிலேயே தமிழ் நூலொன்றை வெளியிட முனைந்தால் அந்நூல் எங்குப் பதிவாகும், யாரைச் சென்றடையும் என்னும் வினாவை அடிப்படையாகக் கொண்டு, 1835 முதல் இன்றுவரையுள்ள நூற்பதிவு, பரவல் முறைகளை இக்கட்டுரை நோக்குகிறது.

1. களம்

பெங்களூரில் 1809 அளவில் ஆங்கிலேயரின் படைவீடு அமைந்தது. கன்டோன்மென்ட் என ஆங்கிலத்திலும் தண்டு எனக் கன்னடத்திலும் வழங்கிய இப்பகுதியில், சென்னைப் படையைத் தொடர்ந்து வந்த வீரர், ஒப்பந்தக்காரர், வணிகர், தொழிலாளர் ஆகியோருள் தமிழர் மிகுதி. 1881-இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது, கன்டோன்மென்ட் மட்டும் ‘சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்’ என்னும் பெயரில் ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆட்சியில் நிறுத்திக்கொள்ளப்பட்டது. 1898-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின்னர், நெரிசலைக் குறைக்கும் நோக்குடன் இதன் வடகிழக்கில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் ஆகியன அவ்வரிசையைச் சேர்ந்தவை.

இதனால் ஒரே ஊர் இரண்டு ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்தது. பேட்டை என வழங்கிய பழைய நகரில் அச்சான நூல் மைசூர் மன்னரின் ஆட்சிக்கும், அதற்குச் சில கல் தொலைவிலுள்ள கன்டோன்மென்டில் அச்சான நூல் ரெசிடெண்டின் ஆட்சிக்கும் உரியவையாயின. கன்டோன்மென்டும் பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாகக் கருதப்படவில்லை. அங்குச் செல்லுபடியாக வேண்டிய சட்டங்கள் தனித்தனி அறிவிக்கைகளால் விரிவாக்கப்பட்டன. 1947-இல் அப்பகுதி மைசூருக்குத் திரும்பியது. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சியாயின. 1956-இல் மொழிவழி மாநிலம் அமைந்தது. வீடு மாறாமலே வாழ்ந்த ஒரு குடும்பம் மும்முறை ஆட்சி மாற்றத்தைக் கண்டது. அக்குடும்பம் படித்த மொழி மட்டும் மாறவில்லை.

2. பதிவுக்கு முன்பிருந்த நிலை

1835-இல் தற்காலிகத் தலைமை ஆளுநர் சார்லஸ் மெட்காப் கொணர்ந்த 11-ஆம் சட்டம், அச்சகத்துக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற நிலையை மாற்றியது. அனுமதிக்குப் பதிலாக அறிவிப்பு போதும் என்றாயிற்று. அதே வேளையில், அச்சிட்டவர், வெளியிட்டவர், அச்சிட்ட இடம் ஆகியன நூலில் குறிக்கப்பட வேண்டும் எனவும் அது விதித்தது. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் தமிழரே அச்சகம் நடத்தும் காலம் இதனையடுத்துப் பெருகியது. ஆறுமுக நாவலர் 1849-இல் யாழ்ப்பாணத்தில் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலை இதற்குத் தக்க சான்று.

இச்சட்டத்தின் முகவரிக் குறிப்பு எத்துணைப் பொறுப்புடையது என்பதை 1861-ஆம் ஆண்டு வழக்கொன்று காட்டியது. தீனபந்து மித்திரர் வங்காளியில் எழுதிய ‘நீல தர்ப்பணம்’ நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவதூறு எனக் கூறி அவுரித் தோட்ட உரிமையாளர் வழக்குத் தொடுத்தனர். நூலில் பெயர் காணப்பட்ட அச்சகத்தார் முதலில் சிக்கினார். அவர் வழியாக வெளியீட்டுக்குப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் லாங் பாதிரியார் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் தண்டமும் பெற்றார். மொழிபெயர்த்தவரின் பெயர் தலைப்புப் பக்கத்தில் இல்லை. அவர் மைக்கேல் மதுசூதன தத்தரே என வழங்கும் செய்தி இன்றும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது. பெயர் குறிக்கப்படாமை அன்று அவரைக் காத்தது. பின்னாளில் அவரது உழைப்பை மறைத்தது.

இதே லாங், வங்காளி நூல்களின் பட்டியலை 1855-இல் வெளியிட்டவர். தமிழில் இத்தகைய பணியை ஜான் மர்டாக் செய்தார். அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தி 1865-இல் அவர் வெளியிட்ட பட்டியல், அரசு பதிவேடு தோன்றுவதற்கு முன்பிருந்த தமிழ் அச்சுலகை அறியப் பெரிதும் துணை நிற்கிறது.

3. 1867-ஆம் ஆண்டுச் சட்டம்

தனியார் முயற்சியாக இருந்த பட்டியலாக்கம் 1867-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டத்தால் அரசின் கடமையாயிற்று. அச்சகம் வைத்திருப்பவர் நீதித்துறை நடுவர் முன் அறிக்கை தரவேண்டும். நூல் அச்சகத்திலிருந்து வெளிவந்த ஒரு மாதத்துக்குள் அச்சிட்டவர் அதன் படிகளை அரசுக்கு ஒப்படைக்க வேண்டும். பெறப்பட்ட நூல்களின் குறிப்புகள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அரசிதழில் வெளியாகும்.

இச்சட்டத்தின் 18-ஆம் பிரிவு மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்துடன் நோக்கத்தக்கது. நூலின் தலைப்பு, ஆங்கிலத்தில் இல்லையாயின் அதன் ஆங்கில ஆக்கம், நூலின் மொழி, ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் அல்லது பதிப்பாசிரியர் பெயர், பொருள், அச்சிட்ட இடம், வெளியிட்ட இடம், வெளிவந்த நாள், பக்கம், அளவு, பதிப்பு எண், படிகளின் எண்ணிக்கை, அச்சா கல்லச்சா என்பது, விலை, உரிமையாளர் பெயரும் இருப்பிடமும் எனப் பல செய்திகளை அது கேட்டது. மொழிபெயர்ப்பாளருக்குச் சட்டம் ஓர் இடம் ஒதுக்கியது என்பது குறிப்பிடத்தக்கது. தலைப்புப் பக்கம் அவரை மறந்தாலும் பதிவேடு அவரைக் கேட்டது.

பதிவேட்டின் நோக்கம் தூய்மையானது எனக் கூறவியலாது. எந்த மொழியில் எத்தகைய கருத்து பரவுகிறது என அறிய விரும்பிய ஆட்சியின் கண்காணிப்பும் அதில் கலந்திருந்தது. எனினும் கண்காணிக்கத் தொகுத்த குறிப்புகளே பின்னாளில் ஆய்வுக்கு முதன்மைச் சான்றுகளாயின. ஒரு நூல் எத்தனை படிகள் அச்சாயிற்று, என்ன விலைக்கு விற்றது, எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குச் சென்றது என்பவற்றை அறிய வேறு தொடர்ச்சியான ஆவணம் அரிது.

தமிழ் நூல்களின் தலைப்புப் பக்கத்தை அடுத்து இன்றும் ‘நூற்குறிப்பு’ என்றொரு பகுதி அச்சாவதைக் காணலாம். நூலின் பெயர், ஆசிரியர், மொழி, பதிப்பு, தாள், நூலளவு, எழுத்தளவு, பக்கம், கட்டு, விலை, அச்சிட்டோர் எனச் செல்லும் அதன் வரிசை, 18-ஆம் பிரிவின் வரிசையைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ஆனால், மொழிபெயர்ப்பு நூலாயின் மூலமொழி, மூலத் தலைப்பு, பின்பற்றிய மூலப் பதிப்பு ஆகியவற்றுக்கு அதில் நிலையான இடம் இல்லை. எழுத்தின் அளவுக்குக் கிடைத்த இடம் மூலநூலுக்குக் கிடைக்கவில்லை.

4. நாளும் உரிமையும்

வெளியீட்டு நாள் என்பது வெறும் குறிப்பன்று. 1914-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் வெளியான நூலை மொழிபெயர்க்கும் தனியுரிமையை முதல் வெளியீட்டிலிருந்து 10 ஆண்டுகளுக்கே வரையறுத்தது. அக்காலத்துக்குள் ஒரு மொழியில் உரிமையாளரின் இசைவுடன் பெயர்ப்பு வந்திருப்பின் அம்மொழியைப் பொறுத்தவரை உரிமை தொடரும். இல்லையேல் எவரும் பெயர்க்கலாம். ஆகவே நூல் எந்நாளில் வந்தது என்பதோடு, எந்த ஆட்சி எல்லையில் முதலில் வந்தது என்பதும் மொழிபெயர்ப்பாளரின் உரிமையைப் பாதித்தது. ஆட்சி எல்லைகள் பின்னிக்கிடந்த பெங்களூரில் இவ்வினா எளிதன்று. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பத்தாண்டு வரையறையைக் கைவிட்டது. ஏழாண்டுகளுக்குப் பின் உரிய அமைப்பிடம் உரிமம் வேண்டிப் பெறும் வழியை அமைத்தது.

5. பரவலின் வழிகள்

பதிவுக்குச் சட்டம் இருந்தது. பரவலுக்கு அத்தகைய சட்டம் எதுவும் நெடுங்காலம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் வாசகரை முன்னரே தேடிக் கையொப்பம் வாங்கி, அத்தொகையைக் கொண்டு தாளும் அச்சுக்கூலியும் கொடுத்தனர். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது இம்முறையின் துணையாலேயாம். கும்பகோணத்தில் ஆசிரியப் பணியில் இருந்துகொண்டு சென்னையில் அச்சுப் பணியை அவர் கவனிக்க வேண்டியிருந்தது. இம்முறையில் நூல் வெளிவரும் முன்பே அதன் வாசகர் யார் என்பது தெரிந்திருந்தது. ஆயினும் பதிப்பாசிரியரின் அறிமுக வட்டமே நூலின் எல்லையாகவும் அமைந்தது.

அவ்வெல்லையை விரித்தவை இருப்புப் பாதையும் அஞ்சலும் ஆகும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு 1864-இல் ரயில் வந்தது. பிற்காலத்தில் காக்ஸ் டவுன் எழுந்ததும் இப்பாதையின் ஓரத்திலேயாம். 1877-இல் இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையைத் தொடங்கியது. நூலைப் பெறும்போது விலையைக் கொடுத்தால் போதும் என்னும் ஏற்பாடு, ஒருவரையொருவர் அறியாத விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்தது. சென்னை விலைப்பட்டியலைப் பார்த்துப் பெங்களூரிலிருந்து ஓர் அஞ்சலட்டை எழுதினால் நூல் வீட்டுக்கு வந்துசேரும். அஞ்சல், ஆட்சி எல்லையைப் பார்க்கவில்லை. முகவரியை மட்டும் பார்த்தது.

விடுதலைக்குப் பின் நூலகம் மூன்றாவது வழியாயிற்று. எஸ்.ஆர்.ரங்கநாதனின் நெடிய முயற்சிக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலக வரியை நிலைப்படுத்தியது. அவ்வரியால் வாங்கப்பட்ட நூல்கள் தமிழ்ப் பதிப்புத் தொழிலுக்குப் பெரும் பற்றுக்கோடாயின. நூலக ஆணையை எதிர்பார்த்தே படிகளின் எண்ணிக்கையை உறுதிசெய்யும் வழக்கமும் எழுந்தது. ஆனால் இவ்வழி மாநில எல்லையோடு முடிந்தது. கர்நாடகம் 1965-இல் தனக்கெனப் பொது நூலகச் சட்டம் இயற்றியது. அதன் முதன்மைக் கவனம் கன்னடத்தின்பால் செல்வது இயல்பே. காக்ஸ் டவுனில் வெளியாகும் தமிழ் நூல், தமிழகத்துக்கு வெளியூர் நூலாகவும் கர்நாடகத்துக்கு வேற்றுமொழி நூலாகவும் நின்றது. இவ்விடைவெளியை நிரப்பியவை தன்னார்வ அமைப்புகளே. அல்சூர் ஏரிக்கு அருகில், காக்ஸ் டவுனுக்கு அண்மையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-இல் தோன்றியது. அதன் நூலகம் அப்பகுதித் தமிழ் வாசகருக்குத் துணையாக அமைந்தது.

6. ஒப்படைப்பும் பதிவின் முடிவும்

1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. 1867-இல் கடமை அச்சிட்டவருடையதாக இருந்தது. 1954-இல் அது வெளியிட்டவருடையதாயிற்று. வெளியான 30 நாட்களுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் தம் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். அம்மூன்றனுள் ஒன்று சென்னைக் கன்னிமரா நூலகம். இதன் பயனாக, பெங்களூரில் வெளியான தமிழ் நூலுக்கும் சென்னையில் நிலையான ஓரிடம் சட்டத்தால் உறுதியாயிற்று. ஊரின் வழிச் சென்ற பதிவும் மொழியின் வழிச் சென்ற பரவலும் சந்தித்த இடம் எனக் கன்னிமராவைக் கூறலாம். ஆயினும் மீறலுக்குச் சட்டம் வகுத்த தண்டம் 50 ரூபாய் வரையும் நூலின் விலையும் மட்டுமே. ஒப்படைப்பு வெளியிடுவோரின் மனச்சான்றையே பெரிதும் சார்ந்திருந்தது. ஒப்படைக்கப்பட்ட நூல்களை அடிப்படையாகக் கொண்ட இந்திய தேசிய நூற்றொகை, தமிழ்த் தலைப்புகளையும் ரோமன் எழுத்தில் தந்தது. இதனால் ஒலிபெயர்ப்பு முறையை அறியாதவருக்கு அது முழுப் பயன் தரவில்லை.

சர்வதேச நூல் எண், ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமையால் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஊரையோ மொழியையோ பாராமல் நூலை அடையாளப்படுத்தும் எண் இது. வணிகத்துக்குப் பெரிதும் பயன்படுவது. ஆனால் எண் பெறுவது சட்டக் கடமை அன்று. நூல் உண்மையில் வெளிவந்தது என்பதற்கு அவ்வெண் மட்டும் சான்றாகாது.

2023-ஆம் ஆண்டின் பத்திரிகைகள், பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் அதனால் நீங்கியது. புதிய சட்டம் இதழ்களுக்கு உரியது. நூல்கள் அதன் எல்லைக்குள் இல்லை. ஏறத்தாழ 157 ஆண்டுகள் நின்ற நூற்பதிவுக் கடமை இவ்வாறு முடிவுற்றது. அதே ஆண்டு டிசம்பரில், குறைந்த கட்டணத்தில் நூல்களைச் சுமந்துவந்த பதிவு நூலஞ்சலும் நிறுத்தப்பட்டது. கல்வி நூல்களுக்கென ‘ஞான் போஸ்ட்’ என்னும் சேவை 2025 மே மாதம் தொடங்கப்பட்டது. பதிவு, பரவல் ஆகிய இரண்டின் பழைய வழிகளும் ஓராண்டிலேயே மாறின.

முடிவுரை

காக்ஸ் டவுனின் தமிழ் நூலைத் தொடர்ந்து செல்லும்போது மூன்று செய்திகள் புலப்படுகின்றன. பதிவு ஆட்சி எல்லையோடு மாறியது. அஞ்சல் அவ்வெல்லையைக் கடந்தது. நூலகக் கொள்முதல் மீண்டும் எல்லைக்குள் அடங்கியது. தமிழகத்துக்கு வெளியே தோன்றும் தமிழ் நூல்கள் ஆய்வுலகின் கண்ணில் படாமற் போவதற்கு அவற்றின் தரம் மட்டும் காரணமன்று. அவை எந்த வழியிலும் முழுமையாக இடம்பெறாமையும் ஒரு காரணமாகும்.

கட்டாயப் பதிவு நீங்கிய நிலையில், 1867-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட வினாக்களுக்கு விடை கூறும் பொறுப்பு நூலையே சார்ந்துவிட்டது. நூற்குறிப்பில் மொழிபெயர்ப்பாளர் பெயர், மூலமொழி, மூலத் தலைப்பு, பின்பற்றிய பதிப்பு, அச்சான படிகள், வெளியான நாள் ஆகியவற்றைத் தமிழிலேயே முழுமையாக அச்சிடுவதும், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமராவுக்கும் பிற நூலகங்களுக்கும் படிகளைத் தவறாமல் அனுப்புவதும் இன்று எஞ்சியுள்ள காப்புகளாகும். இவற்றைச் செய்யத் தவறும் நூல் வாசகர் சிலரின் கைகளில் தங்கிவிடும். நாளை வரும் ஆய்வாளருக்கு அது வெளிவராத நூலாகவே இருக்கும்.