புத்தளத்திலிருந்து பாதமலைக்கு

புத்தளக் கரையில் மலை இல்லை. களப்பும் உப்பளமும் மணல்மேடும் தென்னையுமே அங்கு கண்ணிற் படுவன. எனினும், முன்னாளில் மலைக்குச் செல்லும் நெடிய நடைப்பாதை ஒன்று அக்கரையிலேயே தொடங்கிற்று. அப்பாதையைப் பற்றிய விரிவான செய்தியை உலகுக்கு விட்டுச் சென்றவர் அந்நிலத்தார் அல்லர். ஆபிரிக்காவின் வடமேற்கு மூலையிலே, மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிற் பிறந்த இப்னு பதூதா என்னும் யாத்திரிகரே அவர்.

1344 ஆம் ஆண்டில் அவர் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டார். கப்பலில் வழி நன்கறிந்த மாலுமி இல்லை. மூன்று நாளில் முடியவேண்டிய பயணம் ஒன்பது நாளாக நீண்டது. ஒன்பதாம் நாள், தூரத்தே புகைத்தூண் போல ஒரு மலை வானில் நின்றது. அதுவே சிவனொளிபாதமலை. ஆதிபிதாவாகிய ஆதமின் அடிச்சுவடு அங்குள்ளது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. சைவர் அதனைச் சிவனடி என்பர். பௌத்தர் புத்தர் பாதம் என்பர். 7,300 அடிக்கு மேல் உயர்ந்த அச்சிகரத்தைக் கடலிலிருந்தே கண்டவருக்கு, அங்கே போய்வர வேண்டும் என்னும் ஆவல் எழுந்தது வியப்பன்று.

கப்பல் சேர்ந்த துறையைப் 'பத்தாலா' என்கின்றார் அவர். அது புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் முடிபு. மரத்தால் மதில் எடுத்து, மரத்தாலேயே கோபுரங்கள் நிறுவிய சிறிய அழகிய ஊர். ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையிலே குன்றுகளைப் போலக் குவிந்து கிடந்தன என்கின்றார். அவ்வூரில் அந்நாள் இருந்து ஆண்டவன் ஆரியச் சக்கரவர்த்தி. மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கியது. ஆகவே உரையாடல் எளிதாயிற்று. முத்துக்குளிப்பில் எடுத்த முத்துக்களைக் காட்டி, இவற்றிலும் சிறந்தவற்றைக் கண்டதுண்டோ என மன்னன் வினவினான். விருந்தினர் அவற்றைப் புகழவே, அவற்றுட் சிலவற்றைக் கொடுத்து, இன்னும் என்ன வேண்டும் என்றான். பாதமலையைத் தரிசித்தல் ஒன்றே வேண்டும் என்றார் அவர்.

மன்னன் அமைத்துக் கொடுத்த வழித்துணையைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், மன்னனின் பரிவாரத்தார் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர். ஆக முப்பத்திருவர். இவர்களோடு ஒரு பல்லக்கும், அதைத் தூக்க அடிமைகளும். உலகம் அறிந்த அந்தப் பயணத்திலே விருந்தினருக்குப் பல்லக்கு இருந்தது. சுமைகாரர் பதினைவருக்கும் கால்களே இருந்தன. அவருடைய நூலிலே மன்னனுக்குப் பட்டமுண்டு, கப்பல் தலைவனுக்குப் பெயருண்டு. வழிகாட்டிய யோகியருக்கோ சுமை சுமந்தவருக்கோ பெயரில்லை. எண்ணிக்கை மட்டுமேனும் எஞ்சியதே என்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதான்.

முதல் நாள் மூங்கில் தெப்பத்தில் ஓர் ஆற்றைக் கடந்தனர். பின்னர் 'மனார் மந்தலி' என்னும் ஊர். சிலாபத்துக்கு வடக்கேயுள்ள முந்தலோடு இதனை இணைப்பவர் உளர். அவ்வூரார் எருமைக் கன்று, சோறு, நெய், மீன், கோழி, பால் என்று விருந்து படைத்தனர். அடுத்து 'பந்தர் சலாவாத்'. இது சிலாபம் என்பர். அதுவரை கரையோரமாகச் சென்ற வழி, அங்கிருந்து உள்நாட்டுக்குத் திரும்பிக் கரடுமுரடாயிற்று. எங்கும் தண்ணீர், எங்கும் யானை.

யானைகளைப் பற்றி அவ்வழியில் வழங்கிய கதை ஒன்றை அவர் எழுதியுள்ளார். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீராஸ் நகரத்து ஞானி இப்னு கபீப் முப்பது பக்கீர்களோடு இம்மலைக்குச் சென்றாராம். வழி தவறிப் பசியால் வாடிய பக்கீர்கள், ஞானி தடுத்தும் கேளாது, ஒரு யானைக் கன்றைக் கொன்று தின்றனர். இரவிலே யானைகள் கூடிவந்து, ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்து, தின்றவர் அனைவரையும் கொன்றன. தின்னாதிருந்த ஞானியை மட்டும் ஒரு யானை தன் முதுகில் ஏற்றிக் குடிமனைகள் உள்ள இடத்தில் இறக்கிவிட்டது. அன்று முதல் இந்நாட்டார் முஸ்லிம் யாத்திரிகரை வீட்டில் ஏற்று உணவளித்து உபசரிக்கலாயினர் என்பது கதை. யானை முகர்ந்தது மெய்யோ பொய்யோ, வேற்றுச் சமயத்தாருக்குத் திண்ணையும் சோறும் கிடைத்தன என்பதை இப்னு பதூதா நேரிற் கண்டே எழுதினார்.

'குனகார்' என்னும் தலைநகரைக் கடந்து மலைக்காட்டை அடைந்தனர். குனகார் குருநாகலே என்பது பலர் கருத்து. வேறு ஊர் என்பாரும் உளர். அங்கே அட்டைகள் மனிதர் மேல் தாவின. எலுமிச்சம்பழத்தை உடன் கொண்டு சென்று, கடித்த அட்டையின்மேற் சாற்றைப் பிழிந்தனர். அது விழுந்தபின் அந்த இடத்தை மரக்கத்தியாற் சுரண்டினர். அட்டைக்கடி பட்டவருக்கு எலுமிச்சையின் அருமை தெரியும். சிகரத்தை நெருங்கும் இடத்தில் பாறையிலே சங்கிலிகள் பத்து. பத்தாவதன் பெயர் 'கலிமாச் சங்கிலி'. அவ்விடத்திலிருந்து கீழே நோக்குபவர் அச்சத்தாற் கலிமாவை ஓதுவராதலின் அப்பெயர். அங்கு பல்லக்குக்கு வேலை இருந்திராது. சங்கிலியைப் பற்றி ஏறுகையில் யாவருக்கும் இரண்டு கால்களே.

இத்தகைய பாதைகளைத் தேய்த்தவர் யாத்திரிகர் மட்டுமல்லர். மலைநாட்டிற் சோறு விளையும், உப்பு விளையாது. புத்தளத்து உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகிலேறி மேலே சென்றன. பாக்கு முதலியன கீழே இறங்கின. கண்டி அரசிலே பொதிமாட்டுப் போக்குவரத்துக்கெனத் தனித் திணைக்களமே இருந்தது. அதில் முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டிருந்தனர். பாதைகளோ ஒருவர் பின் ஒருவராகச் செல்லும் அளவே அகலமானவை என்று, 1660 முதல் 1679 வரை கண்டி அரசிற் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் எழுதினார். ஒல்லாந்தரோடு 1766 இல் செய்த உடன்படிக்கையிலே கண்டி மன்னன் கரைநாடு முழுவதையும் இழந்தான். அப்போதும் புத்தளத்திலும் சிலாபத்திலும் தன் குடிகள் உப்பு அள்ளும் உரிமையை விட்டானில்லை. துறைமுகம் இன்றி ஓர் அரசு சில காலம் இருத்தல் கூடும். உப்பின்றி இருத்தல் கூடாது.

1926 இல் புகையிரதம் புத்தளத்தை எட்டியது. காட்டுவழியை நாட்கணக்கில் நடந்து கடந்த தூரம் இன்று பேருந்தில் சில மணிநேரமே.

இப்னு பதூதா மலையிலிருந்து வேறு வழியாக இறங்கி, தேவேந்திரமுனை, காலி, கொழும்பு ஆகிய இடங்களைக் கண்டு புத்தளம் மீண்டார். கப்பல் அவருக்காகக் காத்திருந்தது. இலங்கை மன்னன் அளித்த மணிகளைப் பின்னர் இந்தியாவின் மேற்குக் கரைக்கடலிலே கொள்ளையர் பறித்துக்கொண்டனர். பத்தாண்டுகளுக்குப் பின், 1355 இல், மொரோக்கோவின் பெஸ் நகரிலிருந்து தம் நினைவுகளைச் சொல்லி எழுதுவித்தபோது அவர் கையில் ஒரு முத்தேனும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மூங்கில் தெப்பமும் எலுமிச்சையும் பத்தாவது சங்கிலியும் நினைவில் இருந்தன.

அவரோடு சென்ற யோகியர் நால்வரும் அதை நினைவில் வைத்திருந்து எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆண்டுதோறும் அவ்வழியே செல்வோர் அவர்கள். அடுத்த பருவம் வந்ததும் புத்தளத்து மணலிலிருந்து மீண்டும் நடந்திருப்பர்.