ஈரம் ஏறும் தரை

பணி ஓய்வுக்குப்பின் நான் கட்டிய சிறு வீட்டில், ஒரு மழைக்கால முடிவில் இரும்புப் பெட்டியொன்றை நகர்த்தினேன். அதனடியில் தரை கறுத்து நனைந்திருந்தது. பெட்டி துருவேறி, உள்ளே இருந்த என் பாடக்குறிப்பேடுகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு அது. கூரை ஒழுகவில்லை. பின், நீர் எவ்வழி வந்தது?

பாலிதீன் தாளொன்றைத் தரையில் விரித்து, ஓரங்களைக் காற்றுப் புகாமல் ஒட்டி வைத்தேன். மறுநாள் தாளின் மேற்புறம் உலர்ந்திருந்தது. அடிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தன. காற்றின் ஈரமாயின் மேலே அன்றோ படிந்திருக்கும்? நீர் நிலத்திலிருந்தே ஏறியது.

சிமெண்டுத் தரை கல்லுக்கு ஒப்பானது, நீரை விடாது என்று நம்பியிருந்தேன். இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்றபோது, போர்ட்லண்டு என்னும் கட்டடக்கல்லை ஒத்தது என்றே தம் சிமெண்டுக்கு அப்பெயரைச் சூட்டினார். ஆயினும், கான்கிரீட்டைக் குழைக்கையில் மிகுதியாகும் நீர் உலர்ந்து போகும்போது நுண்புழைகளை விட்டுச் செல்கிறது. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அவற்றினூடே ஈரம் ஏறுகிறது.

கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமாபுரிக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கிரேக்கரின் குளிர்கால உணவுக்கூடத் தரையை வருணித்திருக்கிறார். இரண்டடி ஆழம் தோண்டி, மண்ணை இடித்து இறுக்கி, வடிகாலை நோக்கிச் சரிவாகச் செங்கற்சல்லி பரப்புவார்கள். அதன்மேல் கரியைக் கொட்டி மிதிப்பார்கள். பின்னரே சுண்ணாம்பும் மணலும் சாம்பலும் கலந்த சாந்து. சிந்திய மது உடனே உலர்ந்துவிடுமாம். வெறுங்காலுடன் பரிமாறும் ஏவலர்க்குக் குளிரும் தாக்காதாம். தரையின் நலனை அவர்கள் தரைக்குக் கீழேயே தேடினார்கள்.

நானோ, செலவுக்கு அஞ்சி, ஏரிக் களிமண்ணைக் கொட்டி அடித்தளத்தை மேடாக்கச் செய்தேன். கொத்தனார் ஜல்லி கேட்டார், நான் இசையவில்லை. களிமண்ணின் நுண்ணிய இடைவெளிகள் நீரை மேலே இழுப்பவை. ஜல்லியின் அகன்ற இடைவெளிகளுக்கு அவ்வாற்றல் இல்லை. இன்று ஜல்லியின்மேல் பாலிதீன் விரிப்பும் இடுகிறார்கள். 1933இல் இங்கிலாந்தின் ஆய்வுக்கூடமொன்றில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பொருள் அது.

பிழையை மறைக்க எண்ணித் தரைக்கு எண்ணெய்ச்சாயம் பூசினேன். அடுத்த மழையில் அது கொப்புளித்து உரிந்தது. இப்போது பெட்டி மரப்பலகை மேல் இருக்கிறது. குறிப்பேடுகளில் பாதிதான் மிஞ்சின.

என் மகன் இவ்வாண்டு வீடு கட்டத் தொடங்குகிறான். அடித்தளம் நிரப்பும் நாளில் நானும் அங்கே நிற்பேன்.