உடைக்காமலே வகைபிரித்த எண்

இரண்டின் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 வரும். 21 இலக்கங்கள். பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் இது பகா எண்களோடு சேர்ந்திருந்தது. அது தவறு, இது பகு எண்தான் என்று 1876இல் எதுவார் லூக்கா காட்டினார். 193707721, 761838257287 என்ற இரண்டின் பெருக்கமே இந்த எண் என்பதை 1903 அக்டோபரில், நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் முன்வைத்தார். அவர் வாய் திறவாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டியதையும் அவை பலமாகக் கைதட்டியதையும் எரிக் டெம்பிள் பெல் பிற்காலத்தில் சுவையாக எழுதிவிட்டதால், கோலின் பெருக்கலே இந்த வரலாற்றின் உச்சமாக நிலைத்துவிட்டது. உண்மையான திருப்பம் அதற்கு 27 ஆண்டுகள் முன்பே லூக்காவின் கையில் நிகழ்ந்தது என்பேன்.

அதுவரை ஒரு பெரிய எண்ணைப் பகு எண் என்று நிறுவ, நடைமுறையில் அதன் காரணி ஒன்றைத் தேடிப் பிடித்தாக வேண்டும். ஆய்லர் 4294967297ஐ வீழ்த்தியது 641 என்ற காரணியைக் காட்டித்தான். லூக்காவின் வழியில் காரணிக்கே வேலையில்லை. லேமர் பின்னாளில் செப்பமிட்ட வடிவில் அதை 31க்குச் செய்து பார்க்கலாம். இரண்டின் ஐந்தாம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் அது. 4ஐ வர்க்கமாக்கி 2ஐக் கழித்தால் 14. 14க்கும் அப்படியே செய்தால் 194. அதை 31ஆல் வகுத்தால் மீதி 8. 8க்குச் செய்தால் 62, அது 31ஆல் மீதியின்றி வகுபடுகிறது. எனவே 31 பகா எண். கடைசியில் மீதி நின்றிருந்தால் பகு எண். அடுக்கு ஐந்துக்கு மூன்று சுற்று, 67க்கு 65 சுற்று, அவ்வளவுதான். காரணி தேடுபவரின் பாடோ வேறு. இந்த எண்ணின் காரணி எதுவும் 134இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகவே இருக்கும் என்ற சலுகை இருந்தும், சிறிய காரணி 14,45,580ஆவது மடங்கில்தான் இருந்தது.

கையால் போடும் 65 சுற்றில் ஓர் இலக்கம் பிசகினாலும் மீதி நிற்கும், பகா எண்ணும் பகு எண்ணாகிவிடும். கோலின் விடையையோ ஒரே பெருக்கலில் யாரும் சரிபார்க்கலாம் என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் அது காட்டுவது கணக்கிடும் கையின் பலவீனத்தை, முறையின் பலவீனத்தை அல்ல. எண்ணின் வகையை அறிவதும் அதன் காரணிகளை அறிவதும் இருவேறு வேலைகள் என்ற லூக்காவின் கண்டுபிடிப்பு அதனால் குலையவில்லை. எந்த எண்ணும் பகா எண்ணா என்பதை விரைவில் தீர்மானிக்க முடியும் என்று 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் அக்ரவால், கயால், சக்சேனா மூவரும் நிறுவினர். காரணிப்படுத்த அப்படியொரு விரைவு வழி சாதாரணக் கணினிகளுக்கு இன்றுவரை கிட்டவில்லை; 1977இல் பிறந்த ஆர்.எஸ்.ஏ. மறையாக்கம் இந்த இடைவெளியை நம்பியே நிற்கிறது. இரண்டின் 1277ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 385 இலக்க எண் பகு எண் என்பதில் ஐயமில்லை. அதன் காரணி ஒன்றுகூட இன்னும் அகப்படவில்லை.