மோட்டார் ரூமும் மலைமேல் பங்களாவும்

போன மாசம் சென்னையில இருந்து ஒரு தம்பி போன் போட்டார். "அண்ணே, உங்க ஊர்ல அணை இருக்கு, மேற்கே பார்த்தா மலை தெரியுது. அந்த மோட்டார் ரூமை கொஞ்சம் சரி பண்ணி விட்டீங்கன்னா லீவுக்கு நாங்க வந்து தங்குவோமே" என்றார். சிரிச்சுட்டு போனை வச்சுட்டேன். ஆனா பேச்சு மனசுல கிடந்தது. கொடைக்கானலுக்கு மேல பூம்பாறையில் நான் ஒரு தடவை தங்கினதும் ஒரு விவசாயி வீட்டை மாத்திக் கட்டின ரூம்லதான்.

கொடைக்கானல்ல வெள்ளைக்காரன் வந்துதான் ஊர் உண்டாச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதுக்கு வெகு காலம் முன்னாடியே பூம்பாறை, வில்பட்டி, வெள்ளகவின்னு ஊர்கள் இருந்துச்சு. குன்னுவர்கள் மலைச் சரிவை படிப்படியா வெட்டி வெள்ளாமை பண்ணினாங்க. 1821ல் மலையை அளக்க வந்த வார்டு என்ற அதிகாரி வெள்ளகவி வழியாத்தான் ஏறினார்.

அடுத்து வந்தவங்க மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள். அவங்க குளுகுளுன்னு இருக்கட்டும்னு வரலை. கீழே காய்ச்சலிலும் காலராவிலும் ஆளுங்க செத்துக்கிட்டே இருந்தாங்க. முதல்ல சிறுமலையில் தங்கிப் பார்த்தாங்க, அங்கேயும் காய்ச்சல் விடலை. அப்புறம்தான் 1845ல் கொடைக்கானல்ல ரெண்டு பங்களா எழும்புச்சு. உயிருக்குப் பயந்து ஏறின இடம், பின்னால கோடை விடுமுறைக்கு ஆச்சு.

ஏரியும் தானா வந்தது இல்லை. மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ், 1863ல் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டுத் தேக்கினார். சுமார் 60 ஏக்கர். நம்ம கண்மாய் மாதிரிதான், ஆனா மடை திறந்து வயலுக்குப் பாய்ச்ச இல்லை. தூத்துக்குடியில இருந்து படகு கொண்டுவந்து விட்டார்.

1875ல் ரயில் வந்தப்புறம், அம்மையநாயக்கனூர்ல இறங்கி மாட்டு வண்டியில் அடிவாரம் போவாங்க. அதுக்கு மேல குதிரை, இல்லைன்னா நாற்காலியில் உட்கார வச்சு ஆள் தூக்கிட்டுப் போகணும். துரைமார் பெயரெல்லாம் பங்களாவுக்கும் ரோட்டுக்கும் இருக்கு. தூக்கினவங்க பெயர் ஒண்ணுகூட நான் எங்கேயும் பார்க்கலை. வார்டு ஏறின வெள்ளகவிக்கு நம்ம காலம் வரைக்கும் ரோடு கிடையாது, நடைதான்.

இப்ப கூட்டம் தாங்காம 2024 மே மாசத்துல இருந்து மேல போக இ-பாஸ் வாங்கணும். டவுனுக்குள்ள இடம் இல்லாம ஜனங்க பூம்பாறை, மன்னவனூர்னு கிராமத்துக்கு ஏறிட்டாங்க. நான் தங்கின ரூம், முன்னாடி பூண்டு கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டின இடமாம். மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லி சந்தோஷப்பட்டேன். அவர், "பூண்டு ஒரு வருஷம் கொடுக்கும், ஒரு வருஷம் கைவிடும். ரூம் சனி ஞாயிறு தவறாம கொடுக்குதுங்க" என்றார். கீழே ரெண்டு படி வயல் சும்மா கிடந்துச்சு. கேட்டதுக்கு, கார் நிறுத்த ஒதுக்கிட்டேன்னார். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. எனக்கும் களையெடுக்க ஆள் கிடையாது, எல்லாம் பட்டாசு ஆலைக்குப் போயாச்சு.

தம்பி, மோட்டார் ரூம்ல இப்ப சோள மூட்டை அடுக்கியிருக்கேன். வித்ததும் கட்டில் போட்டு வைக்கிறேன், வாங்க. காசு வேண்டாம். ராத்திரி கரண்டு வந்தா மோட்டார் போட எந்திரிக்கணும், தூக்கம் கெடும். பரவாயில்லைன்னா சொல்லுங்க.