மலாக்கா ஆற்றங்கரையில் ஓர் இராட்சத இராட்டினம்

வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் மட்டுமே என்று என் மாணவர்கள் எண்ணுகின்றனர். நம் காலத்திலேயே தோன்றி மறைந்தவையும் வரலாறுதான். அத்தகைய இராட்டினம் ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

நாடு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டான 2007இல், கோலாலம்பூர் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் ‘ஐ ஆன் மலேசியா’ திறக்கப்பட்டது. 'மலேசியாவின் மீது ஒரு கண்' என்பது அதன் பொருள். உயரம் 60 மீட்டர், 42 கூண்டுகள். கழற்றி வேறிடத்தில் பொருத்தக்கூடிய அமைப்பு அது. 2008இல் மலாக்கா ஆற்றங்கரைக்கு இடம் மாறியது. மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும் அதே ஆண்டில்தான்.

2009இல் கோலா தெர்லாவிலிருந்து மாணவர்களை மலாக்காவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உயரம் புதிதன்று, கடல்தான் புதிது. இராட்டினத்தின் உச்சியில் நீரிணையைக் கண்டவர்கள் மகிழ்ந்து ஆரவாரித்தனர். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் கீழேயே நின்றாள். கட்டணத்திற்குப் பணம் கொண்டு வரவில்லை என்பது பின்னரே தெரிந்தது. “அடுத்த முறை ஏறலாம் அம்மா, சக்கரம் எங்கே ஓடிவிடப் போகிறது?” என்றேன்.

உலகின் புகழ்பெற்ற இராட்டினங்களின் கதையை அன்று நான் அறிந்திருக்கவில்லை. பாரிசின் ஈபல் கோபுரத்திற்கு ஈடாக, 1893ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் பெர்ரிஸ் என்னும் பொறியாளர் ஏறத்தாழ 80 மீட்டர் உயர இராட்டினத்தை எழுப்பினார். 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர் வரை செல்லலாம். அது 1906இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1897இல் எழுந்த வியன்னா இராட்டினமோ போரில் எரிந்தும் மீண்டும் கட்டப்பட்டு இன்றும் சுழல்கிறது. தேம்ஸ் நதிக்கரையில் 135 மீட்டர் உயரமுள்ள 'லண்டன் ஐ' ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே என்று திட்டமிடப்பட்டது. 2000ஆம் ஆண்டு மக்களுக்குத் திறக்கப்பட்ட அது, இன்று அந்நகரின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது.

மலாக்கா இராட்டினத்திற்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 2010 அக்டோபரில் அது நின்றது, பின்னர் கழற்றப்பட்டது. 2011இல் நாங்கள் மீண்டும் சென்றபோது ஆறாம் ஆண்டு மாணவியாக அவளும் வந்தாள். இம்முறை சேமித்த பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். “ஐயா, சக்கரம் எங்கே?” என்றாள். அருகில் சுல்தான்கள் காலத்து நீர்ச்சக்கரத்தின் மாதிரி ஒன்று நின்றது. அதன்முன் அவளைப் புகைப்படம் எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, சுற்றுலாப் பட்டியல் போடும்போது கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகள் யாரென்று முன்னரே கேட்டறிந்து, ஏற்பாடு செய்துவிடுங்கள். 'அடுத்த முறை' என்று சொல்லிவிடாதீர்கள். இரும்பால் ஆன சக்கரமே நமக்காகக் காத்திருக்கவில்லை; பிள்ளைகளின் பருவமா காத்திருக்கும்?