கரை மாறிய நாற்பத்து மூன்று ஆண்டுகள்

வடசென்னையின் நெடிய வரலாற்றில் ஒரே ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு ஆழமாகப் படிக்க வேண்டும் என்றால் எதை எடுப்பது? பெரும்பாலோர் திருவொற்றியூரில்தான் தொடங்குவார்கள். மூவர் பாடிய தலம், சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர், பட்டினத்தார் அடங்கிய கடற்கரை, முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லில் எழுந்த கருவறை, இலக்கணம் கற்பித்த மண்டபம் என்று அங்கே அள்ள அள்ளக் குறையாது. என் தேர்வு அதுவல்ல. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. 1899-ல் சென்னையையும் விஜயவாடாவையும் இணைத்த பாதை திருவொற்றியூர், எண்ணூர் வழியே வடக்கே போனது. இந்த இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட நாற்பத்து மூன்று ஆண்டுகளையே நான் எடுப்பேன். ஆழ்ந்து படிப்பதற்கான காலத்தை அதன் பெருமையை வைத்து முடிவு செய்யக் கூடாது. அப்போது எடுத்த முடிவுகள் இன்றைக்கும் எத்தனை பேருடைய பிழைப்பைத் தீர்மானிக்கின்றன, அந்த முடிவுகளைக் குறுக்கு விசாரணை செய்யப் போதுமான சான்று இருக்கிறதா என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். கும்பினியார் கோட்டை கட்டியதிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளானாலும் சரக்கானாலும் மசூலா படகில்தான் கரையேற வேண்டும். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை அறைந்தால் உடையாது, வளைந்து கொடுக்கும். மாகாணத் தலைநகரின் கடல் வாணிபம் முழுவதும் இந்தப் படகோட்டிகளின் கையில் இருந்தது. ராயபுரத்தில் ராயப்பர் கோயிலை எழுப்பியவர்களும் அவர்களே. 1861-ல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீண்டது. 1868, 1872 புயல்கள் அதைப் பயனற்றதாக்கின. 1876-ல் கல் அணைகளைக் கடலுக்குள் நீட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். முடியும் தறுவாயில் 1881-ல் வந்த புயல் அதைப் பெயர்த்துப் போட்டது. விடாமல் மறுபடியும் கட்டினார்கள்.

சுவர் நின்றது, மணலும் நின்றது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நீரோட்டம் ஓடும். சென்னை மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். அது ஆண்டுதோறும் சுமந்து வரும் மணலில்தான் வடக்கே உள்ள கரைகள் உயிர் வாழ்ந்தன. குறுக்கே கல்லணை வந்ததும் மணல் தெற்குப் பக்கம் குவிந்து, கடல் பின்வாங்கி, மெரினா அகன்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் அங்கே உலாச் சாலை அமைத்தார். வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து கரை தின்னப்பட ஆரம்பித்தது. 1904-ல் துறைமுகப் பொறுப்பை ஏற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், இந்த மணல் நகர்வைப் பற்றிப் பொறியாளர்களுக்காகத் தனிக் கட்டுரையே எழுதினார். கிழக்கே இருந்த வாயிலை அடைத்து வடகிழக்கே புதிதாகத் திறந்தார்கள். கப்பல்களுக்கு அது நல்லதாயிற்று, கரை அரிப்பு ஓயவில்லை. இன்று எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களுக்கும், குப்பத்துக்குக் குப்பம் கேட்கிற தூண்டில் வளைவுகளுக்கும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. தென்சென்னை அகன்ற கடற்கரையைப் பெற்றதும் வடசென்னை தன் கரையை இழந்ததும் ஒரே சுவரின் இரு பக்கங்கள். வடசென்னையின் புறக்கணிப்பைப் பற்றிப் பேசுவோர் இதை வேண்டுமென்றே செய்த சதியாகச் சொல்ல வேண்டியதில்லை. சதி இல்லாமலே இவ்வளவு நடந்தது என்பதுதான் என்னை இந்தக் காலத்தில் பிடித்து நிறுத்துகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தக் காலத்தைப் பற்றிய ஆவணங்கள் எல்லாம் ஆண்டவர்கள் எழுதியவை, அவற்றைப் படித்தால் அவர்கள் கண்ணால்தானே பார்ப்போம் என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆண்டவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைப் பாருங்கள். துறைமுக வேலை தொடங்கிய அதே ஆண்டில்தான் பஞ்சமும் வந்தது. நிவாரணச் செலவைக் குறைக்க வந்த ரிச்சர்டு டெம்பிள், நாளுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அளவுகோலாக வைத்துக் கூலியை வெட்டினார். அந்தக் கூலியில் உடலுழைப்பவன் உயிர் பிழைக்க மாட்டான் என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி 1878-லேயே இந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். தமிழில் பஞ்சக் கும்மிகள் பாடப்பட்டன. சிவகங்கைச் சீமையிலிருந்து வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுகவிலாசம் 1899-ல் அச்சேறியது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியதோடு மோதவிட்டுப் பார்க்க இவ்வளவு கிடைக்கிற காலம் வடசென்னைக்கு அதற்கு முன் இல்லை. பஞ்சக் கூலியாட்களின் கைகளும் மண்ணில் தடம் விட்டிருக்கின்றன. 1801-ல் தொடங்கி எண்ணூர் வரை காக்ரேன் வெட்டுவித்த கால்வாயை, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே 1877–78-ல் தோண்டித் தெற்கே இணைத்தவர்கள் அவர்கள். கால்வாய் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைப் பெற்றது. தோண்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை.

திருவொற்றியூர்க் கல்வெட்டுகளின் அருமையை நான் குறைக்கவில்லை. கோயிலுக்கு விட்ட நிலம், நந்தா விளக்குக்குக் கொடுத்த ஆடு, மடத்துச் சதுரானன பண்டிதரின் செல்வாக்கு என்று அவை துல்லியமாகப் பேசுகின்றன. ஆனால் கொடுத்தவரையும் பெற்றவரையும் பற்றித்தான் பேசுகின்றன. அதே கரையில் வலை இழுத்தவரும் உப்பு வாரியவரும் அவற்றில் விளிம்பில்கூட அரிதாகவே வருகிறார்கள். சோழர் காலத்துக்குத் தமிழகம் எங்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், தொடர்ந்து இருப்பார்கள். ராயபுரத்துக் கரைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

இன்னொரு சாரார் வேறு விதமாக வாதிடலாம். இன்று நாம் அறிந்த தொழிற்பேட்டை விடுதலையை ஒட்டி உருவானது: 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், பிறகு மணலியின் ஆலைகள். அப்படியிருக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு எதற்குப் போக வேண்டும்? ஆலைகள் ஏன் இந்தப் பக்கமே தேடி வந்தன என்று கேட்டால் போயே ஆக வேண்டும். துறைமுகமும் கால்வாயும் 1899-ன் ரயில் பாதையும் ஏற்கெனவே அங்கே காத்திருந்தன. 1876-ல் பக்கிங்காம், 1881-ல் கர்னாடிக் என்று பெரம்பூரில் எழுந்த ஆலைகளில்தான் ஒரு தொழிலாளர் வர்க்கம் திரண்டது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் உறுப்பினர்கள் அந்த ஆலைகளிலிருந்து வந்தார்கள். விடுதலைக்குப் பிந்தைய கதை புதிதாக இடம் தேடவில்லை, போட்டிருந்த பாதையில் வந்து அமர்ந்தது.

1899-ல் கோடு கிழிப்பது தன்னிச்சையானது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். மணல் அந்த ஆண்டோடு நின்றுவிடவில்லை. எந்தக் கோடும் கேள்விக்கு ஏற்றபடி நகர வேண்டியதுதான். என் கேள்வி மசூலா படகோட்டிகளைப் பற்றியது. படகுக் கூலியையும் குற்றத்துக்குத் தண்டனையையும் வகுத்த சட்டங்களில் அவர்கள் இருக்கிறார்கள். கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளையர் எழுதிய பயணக் குறிப்புகளிலும் இருக்கிறார்கள், பெரும்பாலும் அச்சத்தோடும் வசையோடும். கப்பல்கள் சுவருக்குள் வந்து நின்ற பிறகு அலைதாண்டும் அந்தத் திறமைக்கு வேலை குறைந்தது. அந்தக் குடும்பங்கள் துறைமுகத்தில் சுமை தூக்கப் போனார்களா, மீன்பிடிக்கே திரும்பினார்களா, ஆலை வாசலுக்குப் போனார்களா? துறைமுக அறிக்கைகளையும் கோயில் பதிவுகளையும் குப்பத்து முதியவர்களின் நினைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முன்வருபவருக்கு, இந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளில் முதல் வேலை அதுவே.