ஏரெ (அயர்லாந்தின் பெயர்)

ஏரெ என்பது அயர்லாந்தின் ஐரிய மொழிப் பெயர் ஆகும். தீவுக்கும் நாட்டுக்கும் இதுவே பெயர். பழைய ஐரிய மொழியில் இது ஏரியு என வழங்கியது. தொன்மக் கதைகளில் ஏரியு ஒரு பெண் தெய்வம். பன்பா, போட்லா, ஏரியு என்ற மூன்று சகோதரிகளும் தீவுக்குத் தத்தம் பெயர் இடும்படி புதிதாக வந்தேறியவர்களைக் கேட்டனர் என்பது கதை. மற்ற இரு பெயர்களும் செய்யுள் வழக்கோடு நின்றுவிட்டன.

மொழியியலாளர் இச்சொல்லுக்குக் 'கொழுத்த, வளமான நிலம்' என்று பொருள் கூறுவர். 'பருத்தவள்' எனப் பொருள்படும் பீவரீ என்ற வடமொழிச் சொல் இதற்கு உறவுடையது. கெல்ட்டிய மொழிகளில் சொல்லின் முதலில் நின்ற பகரம் மறைந்துவிட்டதால் இந்த உறவு எளிதில் புலப்படுவதில்லை. இலத்தீனில் இத்தீவின் பெயர் ஹைபர்னியா ஆயிற்று. குளிர்காலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் சாயல் அதில் படிந்தது. வளமான நிலம் இப்படிக் குளிர் நிலமாயிற்று.

ஏரெ பெண்பாற் பெயர்ச்சொல். வேற்றுமைக்கேற்ப வடிவம் மாறும். எழுவாயில் ஏரெ. உடைமைப் பொருளில் ஏரன்: நாடாளுமன்றக் கீழவையின் பெயரான டாயில் ஏரன் என்பதில் வருவது இதுவே. சுட்டிடைச்சொல் முன்னே வந்தால் ஹகரம் சேர்ந்து 'ந ஹேரன்' ஆகும். முன்னிடைச்சொற்களின் பின் ஏரின் வரும்: 'இன் ஏரின்' என்றால் அயர்லாந்தில். இன்றைய ஐரிய மொழியில் பெரும்பாலான பெயர்ச்சொற்கள் இந்த மூன்றாவது வடிவத்தை இழந்துவிட்டன. நாட்டின் பெயரில் அது பிடிவாதமாக நிற்கிறது. ஆங்கிலக் கவிதைகளில் காணப்படும் எரின் என்ற பெயரும் இந்த வடிவமே. எழுவாய் அல்லாத ஒன்றை அயலார் பெயராக எடுத்துக்கொண்டனர்.

1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 4ஆம் உறுப்பு, நாட்டின் பெயர் ஏரெ, ஆங்கிலத்தில் அயர்லாந்து என்று வகுத்தது. வட அயர்லாந்து தன் ஆட்சியில் இருந்ததால் முழுத் தீவின் பெயரையும் அந்நாட்டுக்குத் தர பிரித்தானியா விரும்பவில்லை. எனவே 1938இல் இயற்றிய சட்டத்தில், ஆங்கில வாசகத்திலும் ஏரெ என்றே எழுதியது. அதிலும் முதலெழுத்தின் மேல் வரும் நெடிற்குறியை விட்டுவிட்டது. ஐரிய மொழியில் குறி இல்லாத அச்சொல் குறிலாகி 'சுமை' என்று பொருள்படும்.

1949இல் பிரித்தானியா 'அயர்லாந்துக் குடியரசு' என்ற பெயருக்கு மாறியது. அது நாட்டின் பெயரன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் விவரிப்பு மட்டுமே. 1998ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் உடன்படிக்கைக்குப் பின்னரே பிரித்தானிய அரசு அயர்லாந்து என்ற பெயரை முறைப்படி ஏற்றது.